18.5 அங்குல மானிட்டரில் 1366 × 768 வரவில்லை: கிராபிக்ஸ் கார்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: இலைக்கணக்கர், கோத்தகிரி

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில், சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது பழைய கணினி: இன்டெல் கோர் 2 டியோ பிராசசர், ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டு, 4 ஜிபி ரேம், என்விடியா ஜிஃபோர்ஸ் 210 கிராபிக்ஸ் கார்டு, 18.5 அங்குல எல்சிடி மானிட்டர். விண்டோஸ் 7 இருந்தவரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. சென்ற மாதம் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டதால், கணினியைக் கொடுத்துப் புதிய எஸ்எஸ்டி போட்டு, அதில் 64 பிட் விண்டோஸ் 10 ஏற்றி வாங்கி வந்தோம். அன்று முதல் திரை 1024 × 768 அளவிலேயே நிற்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பட்டியலைத் திறந்தால் 800 × 600, 1024 × 768, 1280 × 1024 ஆகியவை மட்டுமே இருக்கின்றன. முன்பு இருந்த 1366 × 768 இல்லை.

எழுத்துகள் அகலமாகவும் மங்கலாகவும் தெரிவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் இலைப் பதிவேட்டில் விவசாயி எண், மொத்த எடை, சாக்கு எடை, ஈரக் கழிவு, நிகர எடை, தொகை என்று வரிசையாகப் பத்திகள் உள்ளன. இப்போது கடைசி இரண்டும் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. மழை நாளில் ஈரக் கழிவு போட்ட பிறகு நிகர எடை எவ்வளவு என்று விவசாயி எதிரே நின்று கேட்கும்போது, பக்கத்தை வலப்புறம் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறிய எழுத்தாக மாற்றினால் மங்கல் இன்னும் கூடுகிறது.

கணினியைச் சரிசெய்தவர், கார்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார். அதற்குக் கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டும். செலவுக்கு அலுவலகத்தில் காரணமும் சொல்ல வேண்டும். அதனால் வாங்குவதற்கு முன் இங்கே கேட்கிறேன். நான் கவனித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கணினியை இயக்கியதும் வரும் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் தெளிவாகத் தெரிகிறது. கோடுகளோ நிறக் கட்டங்களோ இல்லை. வீடியோ ஓடவிட்டால் தயங்கித் தயங்கி ஓடுகிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்பதன் கீழ் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்றும், மானிட்டர் என்பதன் கீழ் ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர் என்றும் இருக்கிறது. இன்னொன்று, இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை: இடிக்குப் பயந்து இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம், காலையில் வந்து பார்த்தால் கணினியின் தேதி 2009-க்குப் போயிருக்கிறது.

பதில்: மலைரயில், உதகமண்டலம்

கார்டை மாற்றுவதே சுருக்கமான வழி என்பது என் கருத்து. ஜிஃபோர்ஸ் 210 என்பது 2009-இல் வந்த கார்டு. அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பயன்படுத்திய ஜிடி 710 கிடைத்தால் போதும். அது 19 வாட் மின்சாரம்தான் எடுத்துக்கொள்ளும்; பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை.

ஜிடி 730 வாங்குவதாக இருந்தால் கவனமாக இருங்கள். ஒரே பெயரில் இரு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டன. 128 பிட் டிடிஆர்3 என்று எழுதியிருப்பது பழைய ஃபெர்மி வகை. அதற்குப் புதிய டிரைவர்கள், அதாவது கார்டை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருள்கள், 2018-இலேயே நின்றுவிட்டன. உங்கள் மானிட்டரில் பழைய வகை இணைப்பான விஜிஏ மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் கார்டிலும் விஜிஏ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒல்லியான கேபினட் என்றால் அரை உயரப் பிராக்கெட்டும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதை மறந்துவிட்டு மலையேறி வந்தவர்கள் பலர்.

பதில்: பழைய டெக்னீஷியன், குன்னூர்

தம்பி, மேலே சொல்லியிருக்கும் கார்டு விவரங்கள் எல்லாம் சரியானவை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகும் கார்டு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் உங்கள் கார்டு பழுதானது என்பதற்கு நீங்கள் சொன்னவற்றில் ஓர் அடையாளமும் இல்லை. கார்டு உண்மையிலேயே போயிருந்தால், விண்டோஸ் வருவதற்கு முன்பே, அதாவது அந்த நிறுவனச் சின்னத்திலும் பயோஸ் திரையிலும் நெடுக்குக் கோடுகளோ சிதறிய எழுத்துகளோ தெரியும், அல்லது படமே வராது. அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸுக்குள் வந்த பிறகுதான் குறை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரைவரைத்தான்.

பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்பது உங்கள் கார்டின் பெயரன்று. தகுந்த டிரைவர் கிடைக்காதபோது, எந்தக் கார்டாக இருந்தாலும் ஏதோ ஒரு படத்தையாவது காட்டுவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் மாற்று ஏற்பாடு அது. கார்டின் சொந்த பயோஸில், அதாவது அதனுள்ளேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலில், எழுதி வைத்திருக்கும் சில பொது அளவுகளை மட்டுமே அதனால் பயன்படுத்த முடியும். அகலத்திரை அளவுகள் அவற்றில் பெரும்பாலும் இருக்காது. வீடியோ தயங்குவதற்கும் இதுவே காரணம்: கார்டு செய்ய வேண்டிய வேலை முழுவதும் பிராசசரின் தலையில் விழுகிறது. எழுத்து மங்குவதற்கும் கணக்கு இருக்கிறது. உங்கள் திரையில் உள்ள புள்ளிகள் குறுக்காக 1366, வருவதோ 1024. மூன்று புள்ளிகளின் செய்தியை நான்கு புள்ளிகளில் நிரப்ப வேண்டியிருப்பதால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலப்பட்டு, ஓரங்களும் கரைந்து போகின்றன. உங்கள் அலுவலக முத்திரையை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் திறந்து பாருங்கள், வட்டமாக இருக்காது.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். கணினியின் பின்பக்கம் பாருங்கள். கீபோர்டு, யுஎஸ்பி செருகும் இடங்களுக்கு அருகில் உள்ள விஜிஏ மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே, தனியான உலோகத் தகட்டில் இருப்பது கார்டினுடையது. மானிட்டர் கேபிள் எதில் செருகியிருக்கிறது? அதன்பின் டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டீடெயில்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட வரி வரும். அதன் தொடக்கத்தில் 8086 என்று இருந்தால் அது இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. இந்த ஓர் எண் பாதி வேலையை முடித்துவிடும். 8086 என்று வந்தால், நீங்கள் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தது மதர்போர்டிலேயே உள்ள இன்டெல் கிராபிக்ஸின் படம். என்விடியா கார்டு கணினியின் கண்ணுக்கே படவில்லை என்று பொருள். ஜி41-இல் உள்ள அந்த கிராபிக்ஸுக்கு விண்டோஸ் 7-க்குப் பின் இன்டெல் டிரைவர் எழுதவில்லை.

அப்படி வந்தாலும் உடனே கார்டைக் குப்பையில் போட வேண்டாம். பெரும்பாலும் அது ஸ்லாட்டில் சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மாட்டும்போது கார்டு சற்றே தூக்கிக்கொள்வது சாதாரணமாக நடப்பது. நம் ஊர்களில் மூடுபனி உள்ளே வரும் அறையில் பல ஆண்டு இருந்த கார்டின் விளிம்பில், ஈரமும் தூசியும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடித்திருக்கும். அது அசையாத வரையில் தொடர்பு இருக்கும், அசைந்தால் விட்டுப்போகும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு, கார்டைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் சிறிய கொக்கியை விரலால் விலக்கிக்கொண்டே கார்டை நேராக மேலே இழுங்கள். தங்கமுலாம் பூசிய பட்டைகளை வெள்ளை ரப்பரால், ஒரே திசையில், அழுத்தாமல் தேயுங்கள். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் முலாமையே எடுத்துவிடும், அது வேண்டாம். ரப்பர்த் துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் துணியில் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு, கொக்கி டிக் என்று விழும் வரை கார்டை மறுபடி செருகுங்கள். கார்டை அடுப்பில் வைத்துச் சுட்டால் உயிர் வரும் என்று சில வீடியோக்கள் உண்டு. அப்படி உயிர் பெற்றவை நெடுநாள் நிற்பதில்லை. சமைக்கும் அடுப்பில் அந்தப் புகை படிவதும் நல்லதன்று.

அடுத்தது தேதி. தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள், நிச்சயம் உண்டு. மதர்போர்டில் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. மெயின் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் கடிகாரத்துக்கு மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து வந்துவிடும்; சுவிட்சையும் அணைத்தால் முழுப் பாரமும் இந்தப் பேட்டரி மீதுதான். அது தீர்ந்துபோனதால் தேதி பின்னால் ஓடுகிறது. விண்டோஸ் அப்டேட்டின் சர்வரோடு பேசும்போது, அதன் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று கணினி சரிபார்க்கும். 2009-இல் இருக்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை; எனவே தொடர்பை மறுத்துவிடும், டிரைவரும் வராது. வித்தியாசம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் விண்டோஸ் தானாகவும் அதைத் திருத்திக்கொள்ளாது. இடி நாட்களில் சுவிட்சை அணைப்பது சரியான பழக்கம், அதை விட வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கும்.

கார்டு தெரிந்து, தேதியும் சரியான பிறகு டிரைவருக்கு வாருங்கள். ஜிஃபோர்ஸ் 210-க்கு என்விடியா வெளியிட்ட கடைசி விண்டோஸ் டிரைவர் 342.01, 2016 டிசம்பரில் வந்தது. விண்டோஸ் 10-க்கான 64 பிட் பதிப்பு அதில் உண்டு. என்விடியாவின் சொந்தத் தளத்தில் ஜிஃபோர்ஸ் 200 வரிசை என்று தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். உங்கள் கணினியை ஆராய்ந்து எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை மட்டும் நெருங்க வேண்டாம். கணக்கு வைத்திருக்கும் கணினியில் அவற்றுக்கு வேலை இல்லை. நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்து, கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். நடுவில் திரை சில வினாடி கறுத்துப் போகும், பயந்து அணைத்துவிடாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 43 என்று, அதாவது கருவியில் கோளாறு என்று, வந்தால், அப்போது உதகை நண்பர் சொன்னபடி வேறு கார்டு தேடலாம்.

மானிட்டர் பெயரைப் பற்றி ஒரு சொல். பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் இருக்கும்போது நான்-பிஎன்பி என்று, அதாவது எந்த மானிட்டர் என்று அடையாளம் தெரியவில்லை என்று, காட்டுவது பெரும்பாலும் இயல்பே. அதை வைத்து இப்போது எந்த முடிவுக்கும் வர முடியாது. டிரைவர் ஏறிய பிறகும் அதே பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: நூலகத் தோழி, கூடலூர்

அண்ணா, நாங்கள் ஒரு சிறிய படிப்பகத்தில் இதைவிடப் பழைய கணினிகளை வைத்திருக்கிறோம். குன்னூர் ஐயா சொன்னதோடு கேபிளையும் பார்க்கச் சொல்வேன். விஜிஏ இணைப்பில் மூன்று வரிசைகளில் பதினைந்து பின்கள் உண்டு. படம் செல்வதற்கு அவற்றில் சிலவே போதும். மேல் வரிசையின் 1, 2, 3 சிவப்பு, பச்சை, நீலத்தையும், கீழ் வரிசையின் 13, 14 படத்தை அசையாமல் நிலைநிறுத்தும் சிக்னலையும் கொண்டுபோகின்றன. 12, 15 ஆகிய இரண்டும் வேறு வேலைக்கானவை: நான் இன்ன மானிட்டர், எனக்கு இன்ன அளவு ஏற்றது என்று மானிட்டர் கணினிக்குச் சொல்லும் இடிஐடி (EDID) என்னும் 128 பைட் குறிப்பு இவற்றின் வழியாகத்தான் போகிறது. இவற்றில் ஒன்று வளைந்தாலும் படம் நன்றாகவே வரும், நிறமும் மாறாது. ஆனால் எதிரே இருக்கும் மானிட்டர் எது என்று கணினிக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் குறையை யாரும் எளிதில் கண்டுபிடிப்பதில்லை. கேபிளை ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தால் நிச்சயம் பாருங்கள். 9-ஆம் பின் இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு, அது உடைந்ததன்று. சிலவற்றில் 4, 11 ஆகியவையும் இருக்காது. எங்களுக்கு ஒருமுறை நீளத்துக்காக வாங்கிய எக்ஸ்டென்ஷன் கேபிளின் உள்ளே 12, 15-க்கான கம்பியே இல்லை. ஒரு கணினியின் படத்தை இரண்டு திரைகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்களிலும் இப்படி நடக்கும்.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம், குறிப்பாகத் தேவாலா, பந்தலூர் வட்டாரத்தில், வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். உங்களுக்கு ஐப்பசி மழை அதிகம் என்பது மட்டுமே வேறுபாடு. கணினிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைப்பவர்கள் அதை நிறுத்த வேண்டும். ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு வெளியேற வழியின்றிப் போகும். பருத்தித் துணியே போதும். வேலை இல்லாத நாளிலும் சிறிது நேரம் இயக்கினால் உள்ளிருக்கும் வெப்பமே காயவைத்துவிடும். மார்கழி, தை மாதக் குளிரில் பழைய கார்டுகளின் சிறு மின்விசிறி எண்ணெய் இறுகிச் சுழலாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். பக்கத் தகட்டைத் திறந்து அது சுழல்கிறதா என்று ஒருமுறை கவனியுங்கள்.

எங்களுடையவை விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட்டில் ஓடுகின்றன. அங்கே இந்தக் கார்டுக்கு நூவோ என்னும் திறந்தமூல டிரைவர் தானாகவே ஏறிக்கொள்ளும். என்விடியாவின் சொந்த லினக்ஸ் டிரைவர் 340.108-உடன் 2019 டிசம்பரில் முடிந்துவிட்டது, அதைப் புதிய கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) கட்டாயப்படுத்தி ஏற்ற முயல்வது வீண் அலைச்சல். லினக்ஸிலும் இதே 1024 × 768 தொல்லை வருவதுண்டு. நிறுவும்போது திரை கறுக்காமல் இருப்பதற்காக நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்திருப்பார்கள். பிறகு அதை எடுக்க மறந்துவிடுவார்கள். அது இருக்கும் வரை நூவோ வேலையைத் தொடங்காது. உங்கள் பதிவேட்டு மென்பொருள் விண்டோஸுக்கானது என்றால் இது உங்களுக்கு வேண்டாம். இதே குறையோடு இங்கே தேடி வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பதில்: இலைக்கணக்கர், கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன எண் 8086 என்றே வந்தது, கேபிளும் மேலே மதர்போர்டின் விஜிஏவில்தான் இருந்தது. சரிசெய்தவருக்குக் கார்டிலிருந்து படம் வந்திருக்காது, அதனால் கேபிளை மேலே மாற்றிச் செருகிவிட்டுக் கார்டு போய்விட்டது என்று முடிவு செய்திருப்பார் என்று இப்போது புரிகிறது. கேபிளை மாற்றியதை அவர் சொல்லவில்லை. கார்டின் ஒரு முனை ஸ்லாட்டிலிருந்து லேசாகத் தூக்கியிருந்தது. கொக்கி விழவே இல்லை. பட்டைகள் மங்கிய பழுப்பாக இருந்தன, ரப்பரால் தேய்த்ததும் பளிச்சென்று ஆயின. பேட்டரியும் மாற்றி, கேபிளைக் கார்டில் செருகி இயக்கியதும் படம் வந்தது. 342.01 நிறுவிவிட்டேன், டிஸ்ப்ளே அடாப்டரில் இப்போது ஜிஃபோர்ஸ் 210 என்றே இருக்கிறது, வீடியோவும் தடையின்றி ஓடுகிறது.

ஆனால் பட்டியலில் 1360 × 768 இருக்கிறதே தவிர 1366 இல்லை. மானிட்டர் இன்னும் நான்-பிஎன்பிதான். 1360 வைத்தால் பத்திகள் எல்லாம் தெரிகின்றன, எழுத்து மட்டும் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் இருக்கிறது. இந்த ஆறு புள்ளிகள் எங்கே போயின?

பதில்: பழைய டெக்னீஷியன், குன்னூர்

அப்படியானால் கூடலூர் அம்மணி சொன்னதுதான். பின்களைப் பாருங்கள்.

ஆறு புள்ளிகள் போனதற்குக் காரணம் எட்டாம் வாய்ப்பாடு. மானிட்டரின் குறிப்பு கிடைக்காதபோது டிரைவர் தன்னிடம் உள்ள பொதுப் பட்டியலிலிருந்து அளவுகளைக் காட்டுகிறது. பொது விதிகளில் திரையின் அகலத்தை எட்டு எட்டுப் புள்ளிகளாக எண்ணுவதே வழக்கம். 1360 என்பது 170 எட்டுகள், 1366 எட்டால் வகுபடாது. லினக்ஸில் இதே விதிப்படி கணக்கிடும் கருவியிடம் 1366 கேட்டால் 1368 கொடுக்கும். மானிட்டர் தன் குறிப்பில் தனியாக, முழு விவரத்தோடு, எனக்கு 1366 என்று எழுதி அனுப்பினால்தான் கணினி அந்த எண்ணை ஏற்கும். 1360 புள்ளிகளை 1366 புள்ளிகளுக்கு இழுத்து நிரப்புவதால்தான் எழுத்து இடத்துக்கு இடம் தடித்து மெலிகிறது.

பின் வளைந்திருந்தால், லெட் போடாத மைக்ரோ டிப் பென்சிலின் உலோக முனைக்குள் அதை நுழைத்து, மெல்ல நிமிர்த்துங்கள்; ஒரேயடியாக நிமிர்த்தினால் முறிந்துவிடும். முறிந்தால் கேபிளை மாற்றிக்கொள்ளலாம், மானிட்டரோடு நிரந்தரமாக இணைந்த கேபிளாக இல்லாத வரையில். அப்படி இணைந்திருந்து முறிந்தும் போனால் மட்டும் வேறு வழி: என்விடியா கண்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன், கஸ்டமைஸ், கிரியேட் கஸ்டம் ரெசல்யூஷன் என்று போய், 1366, 768, 60 ஹெர்ட்ஸ் என்று நாமே எழுதிச் சோதிக்கலாம். 75 ஹெர்ட்ஸ் வேண்டாம். மானிட்டர் ஏற்காத அளவைக் கொடுத்துத் திரை கறுத்தால் எதையும் தொடாமல் காத்திருங்கள், சில வினாடிகளில் பழைய அளவே திரும்பிவிடும்.

பதில்: மலைரயில், உதகமண்டலம்

கார்டு பிழைத்தது குறித்து மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்: விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன, கோர் 2 டியோவில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. விவசாயிகளின் கணக்கு இருக்கும் கணினி என்பதால், டிரைவர் வேலை முடிந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, பதிவேட்டை அவ்வப்போது பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

பதில்: இலைக்கணக்கர், கோத்தகிரி

கீழ் வரிசையில் இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் குழப்பமாக இருந்தது, ஆனால் ஒரு பின் பக்கவாட்டில் படுத்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பென்சில் முனையால் நிமிர்த்திச் செருகியதும் மானிட்டர் பெயரில் இருந்த நான் என்ற சொல் போய், ஜெனரிக் பிஎன்பி மானிட்டர் என்று மாறியது. பட்டியலில் 1366 × 768 வந்துவிட்டது, அருகில் ரெகமெண்டட் என்றும் எழுதியிருக்கிறது. இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன், பென் டிரைவும் வாங்கி வைக்கிறேன். இப்போது உள்ளது சிறு குறை: படம் முழுவதும் இடப்பக்கம் சற்று ஒதுங்கியிருக்கிறது, பத்திகளுக்கு இடையிலுள்ள கோடுகளில் சில மினுமினுக்கின்றன. மானிட்டரில் உள்ள ஆட்டோ பொத்தானை அழுத்தியும் சரியாகவில்லை.

பதில்: பழைய டெக்னீஷியன், குன்னூர்

உங்கள் டெஸ்க்டாப் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருக்கும் என்று ஊகிக்கிறேன். விஜிஏ அனலாக் இணைப்பு. படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மானிட்டர் ஒளியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஓரம் இருட்டாக இருந்தால் அதற்கு எல்லை தெரியாது. உங்கள் பதிவேட்டையே முழுத்திரையில், வெள்ளைப் பின்னணியோடு, எழுத்துகள் நான்கு ஓரங்கள் வரை நிரம்பும்படி திறந்து வைத்துக்கொண்டு ஆட்டோ பொத்தானை அழுத்துங்கள். கணினியை இயக்கி மானிட்டர் சூடாகக் கால் மணி நேரம் விட்ட பிறகு செய்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகும் கோடுகள் மினுமினுத்தால் மானிட்டர் மெனுவில் ஃபேஸ் என்று ஓர் எண் இருக்கும்; கோடுகள் அசையாமல் நிற்கும் வரை அதை ஒவ்வொன்றாகக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.